கோட்டைக்குள் போனவள்

கோட்டையைப் பூங்காவாகத் திறந்துவிட்ட அன்று தெருவே அங்கே போயிருந்தது. தையல்காரி மட்டும் ஜன்னலோரம் மிஷினில் உட்கார்ந்து யாருடைய கால்சட்டைக்கோ விளிம்பு மடித்துக்கொண்டிருந்தாள். கணவர் வந்து ஜன்னலைச் சாத்தினார். ஒலிபெருக்கிச் சத்தத்தில் தலை வலிக்கிறதாம். தலை நரைக்கும்வரை அவர் அந்தக் கோட்டையில்தான் பீரங்கிப் படையில் இருந்தார். தெருவில் அவருக்குப் பெயரே பீரங்கிக்காரர். வாயைத் திறந்தால்தானே வெடிக்கும் என்று பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் சிரிக்கும்.

கல்யாணமான புதிதில் அவளும் கேட்டுப் பார்த்தாள். உள்ளே என்ன இருக்கிறது, சாப்பாடு எப்படி, எங்கே படுத்துக்கொள்வீர்கள் என்று. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: "சொல்லக் கூடாது." போகப்போக அந்தப் பதில் வீட்டுக்குள்ளும் குடிவந்துவிட்டது. முகம் ஏன் வாடியிருக்கிறது என்று கேட்டால்கூட மௌனம்தான்.

மூத்தது ஆண் குழந்தை. குப்புற விழக் கற்றுக்கொண்ட சமயத்தில் காய்ச்சலில் போய்விட்டது. அன்று அவள் கோட்டை வாசலுக்கு ஓடினாள். காவலுக்கு நின்ற சிப்பாய் உள்ளே போய்வந்து, சொல்லியாச்சு, வீட்டுக்குப் போங்கம்மா என்றான். சாயங்காலம் வரை பார்த்துவிட்டு, அவளுடைய அண்ணன்தான் குழந்தையைக் கைகளில் ஏந்தி இடுகாட்டுக்குக் கொண்டு போனான். கணவர் அடுத்த வாரம், வழக்கமான விடுமுறைக்கு வந்தார். அவள் ஏன் என்று கேட்கவில்லை. உள்ளே ஏதோ பெரிய காரியம் நடந்திருக்கும், விட்டிருக்கமாட்டார்கள் என்று தானே ஒரு பதிலைத் தைத்துப் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒரு மகள் பிறந்து, படித்து, வேலை கிடைத்து வெளியூர் போனாள். அத்தனை வருஷமும் அந்தப் பதில் கிழியவில்லை.

கூட்டம் குறைந்த ஒரு மத்தியானம், நூல் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு அவள் கோட்டைக்குப் போனாள். வாசலில் யாரும் தடுக்கவில்லை. படைவீடுகளில் ஒன்றில் டீக்கடை வைத்திருந்தார்கள். குண்டுகளை அடுக்கிவைத்த நிலவறையில் வாடகை சைக்கிள்கள் நின்றன. மண்மேடுகளில் புல் வளர்த்து, அதில் பிள்ளைகள் அட்டையைப் போட்டு வழுக்கிக்கொண்டிருந்தார்கள். கடலைப் பார்த்து நின்ற ஒற்றைப் பீரங்கிக்குப் பக்கத்தில் ஒரு பலகை. எதையெல்லாம் சொல்லக் கூடாது என்று அவர் ஆயுசு முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாரோ, அதெல்லாம் கொட்டை எழுத்தில் இருந்தது. துறைமுகத்தைக் காக்கக் கட்டிய கோட்டை; பீரங்கி எவ்வளவு தூரம் சுடும்; எத்தனை பேர் காவல் இருந்தார்கள்; படை போனபின் முள்மண்டிக் கிடந்ததை நகராட்சி எப்படிச் சீர் செய்தது. நடுவில் ஒரு வரி: எதிரிக் கப்பல் எதுவும் வரவில்லை, பயிற்சிக்காகத் தவிர இங்கிருந்து ஒரு குண்டும் சுடப்படவில்லை. அவள் அந்த வரியை விட்டு நகராமல் நின்றாள். பின்னாலிருந்து யாரோ, கொஞ்சம் தள்ளிக்கோங்க என்றார்கள்.

வீட்டில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நூல் எங்கே என்று கேட்டார். கோட்டைக்குப் போனதாக அவள் சொன்னாள்.

"ஒரு குண்டுகூட சுடலையாமே?"

"ஆமா."

"அப்புறம் எதுக்கு அன்னிக்கு உங்களை விடலை?"

எந்த அன்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. தட்டின் ஓரத்தை விரலால் துடைத்தார். பழைய பதில்தான் வரும் என்று அவள் காத்திருந்தாள்.

"விடலைன்னு யார் சொன்னா?" என்றார். "அதிகாரி உடனே கிளம்புன்னுதான் சொன்னார். நான்தான் வரலை."

அவள் சுவரோரம் உட்கார்ந்தாள்.

"வந்தா பாக்கணுமே. பயமா இருந்துச்சு. பீரங்கியைத் துடைச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். துடைச்சதையே துடைச்சேன்."

அவள் அழவுமில்லை, சண்டை போடவுமில்லை. அவர் சாப்பிட்ட தட்டை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தாள். இத்தனை காலம் மனதாரச் சபிப்பதற்கு அவளுக்கு ஒரு கருங்கல் மதில் இருந்தது. இனி அதுவும் இல்லை. கூடத்தில் இருமிக்கொண்டிருக்கும் இந்த மனிதர்தான் மிச்சம். அவரைச் சபிக்க நாக்கு எழவில்லை, மன்னிக்கவும் எழவில்லை.

அதிலிருந்து சாயங்காலங்களில் அவள் பூங்காவுக்குப் போகத் தொடங்கினாள். எங்கே போகிறாய் என்று அவர் கேட்பதில்லை. அவளும் சொல்வதில்லை.

ஒரு நாள், கைக்குழந்தையோடு வந்த ஒருவன் அவளுடைய பெஞ்சு அருகே நின்றான். பீரங்கிமேல் பிள்ளையை உட்காரவைத்துப் படம் எடுக்க வேண்டுமாம். துணைக்கு ஆள் இல்லை.

"கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களாம்மா? நீங்க குனிஞ்சுக்கோங்க, கை மட்டும்தான் தெரியும்."

அவள் பீரங்கிக்குப் பின்னால் குனிந்து, குழந்தையின் இடுப்பை இரு கைகளாலும் பிடித்தாள். வெயில் குடித்த இரும்பு கன்னத்தில் சுட்டது. சட்டைத் துணிக்கு அடியில் அந்தச் சின்ன விலா ஏறி ஏறி இறங்கியது. அப்பன்காரன் போனை உயர்த்தியபடி, கடலும் சேர்ந்து விழ வேண்டும் என்று பின்னால் பின்னால் போய்க்கொண்டிருந்தான். "விட்டுடாதீங்க, இன்னும் கொஞ்சம்" என்று அவன் சொல்வது காற்றில் கேட்டது. குழந்தை கால்களை உதறிக்கொண்டு, முழுக் கனத்தோடும் அவள் கைகளில் சாய்ந்தது.