முழங்காலுக்குத் தங்கம்

அருந்தவனைப் போல ஒரு நுணுக்கக்காரனை நோபல் பார்க் ஊர் முழுக்கத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. விமான இறக்கைக்கு உதிரிப்பாகம் செய்கிற தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக அவருக்கு ஒரே வேலை. துளை சரியாக விழுந்திருக்கிறதா என்று அளந்து பார்ப்பார். மயிரிழை பிசகினாலும் சிவப்புச் சீட்டை ஒட்டி மூலையில் வைத்துவிடுவார். மனேச்சர் வந்து கெஞ்சினாலும் மசியமாட்டார். அப்பேர்ப்பட்ட மனுசன் ஹெல்த் இன்சூரன்ஸ் எடுத்த கதையைக் கேட்டால், அந்த விமானத்தில் ஏறுவதற்கு முன் நீங்கள் ஒருதடவை யோசிப்பீர்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் கம்பியூட்டருக்கு முன்னால் குந்தியிருந்து, எல்லாக் கம்பனிகளையும் ஒப்பிட்டுக் காட்டுகிற இணையப் பக்கத்தைத் திறந்தார். நாற்பத்துச் சொச்சம் திட்டங்கள். கோல்ட், சில்வர், புரொன்ஸ் என்று நகைக்கடைப் பலகை மாதிரி வரிசையாக வந்து நின்றன. தலை சுற்றிப்போய், கோயில் அன்னதான வரிசையில் சிவபாலனைப் பிடித்துக் கேட்டார். சிவபாலன் தபால் கந்தோரில் வேலை. அவனுக்குத் தெரியாத விசயம் உலகத்தில் இல்லை, தெரிந்த விசயம் அதைவிடக் குறைவு.

"கோல்ட் எல்லாம் பேய்க்காட்டு, காசு பிடுங்கிற வேலை அண்ணை," என்றான் சிவபாலன், இலையில் வடையைத் தேடிக்கொண்டே. "புரொன்ஸ் எடுங்கோ. எக்ஸ்ராஸ் இருக்குதோ எண்டு மட்டும் பாருங்கோ. கண்ணாடி சும்மா வரும், மசாஜ் சும்மா வரும். மிச்சத்துக்கு அரசாங்க ஆஸ்பத்திரி இருக்குதுதானே?"

மகளின் கலியாணத்துக்கு முப்பது பவுன் போட்ட மனுசன், மனைவியின் உடம்புக்கு வெண்கலம் எடுத்தார். எடுக்க முன்னம் புத்தகத்தைப் படிக்கவில்லை என்று சொன்னால் பாவம். படித்தார். 'ஜொயின்ற் ரீகன்ஸ்ட்ரக்சன்' என்று ஒரு வரி இருந்தது. ஜொயின்ற் என்றால் மூட்டு, மனைவி யோகாவின் முழங்காலும் மூட்டு, விசயம் முடிந்தது என்று பக்கத்தைப் புரட்டிவிட்டார். தொழிற்சாலையில் மயிரைப் பிளந்து பார்க்கிற கண் வீட்டில் ஒரு சொல்லோடு களைத்துப்போனது.

முதல் வருடம் வலு சந்தோசம். அருந்தவன் இரண்டு மூக்குக்கண்ணாடி எடுத்தார். எட்டுத்தரம் முதுகு மசாஜுக்குப் போய் வந்தார். யோகா ஒன்றுக்கும் போகவில்லை. அவளுக்கு நேரமில்லை. அவள் டண்டினோங்கில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் சமையல். அறுபது குஞ்சுகளுக்கு நாளுக்கு மூன்றுதரம் சாப்பாடு. அந்தக் குசினியில் அவள்தான் ராணி. மதியம் பாத்திரம் கழுவும்போது சின்னக் கைகள் கண்ணாடிக் கதவைத் தட்டி "யோகா! யோகா!" என்று கூப்பிடும். சொந்த மகள்கூட அவ்வளவு ஆசையாய்க் கூப்பிட்டதில்லை என்று வாய்விட்டே சொல்லுவாள்.

அந்தக் குசினியில்தான் முழங்கால் மடங்க மறுத்தது. மூன்று வருடமாக இரவில் தைலம் தேய்த்துத் தேய்த்து ஒளித்து வைத்திருந்த கால், போன மாசி மாதம் எல்லோருக்கும் முன்னால் அவளைக் கைவிட்டது. கோயிலில் கண்ட ஒரு ஸ்பெசலிஸ்ற், சீட்டு ஒன்றும் எழுதாமல் காலை மடக்கிப் பார்த்துவிட்டு, எலும்போடு எலும்பு உரசுகிறது, மூட்டை மாற்றத்தான் வேண்டும் என்றார். அரசாங்க வரிசையில் நின்றால் ஒரு வருடத்துக்கு மேல் போகும். காப்பகத்து மனேச்சர் நல்ல மனுசி, அன்பாகத்தான் சொன்னாள். புரட்டாதிக்குள் யோகா எழும்பி நிற்காவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும்.

அருந்தவன் ஓடிப்போய்ப் புத்தகத்தைத் திறந்தார். ரீகன்ஸ்ட்ரக்சன் என்றால் மூட்டைத் திருத்துவது, மாற்றுகிறதுக்குப் பெயர் 'ஜொயின்ற் ரீப்ளேஸ்மென்ற்'. அது வேறு வரி. அதற்கு நேரே வெண்கலத்தில் ஒரு சிவப்புப் புள்ளடி, கிடையாது என்று அர்த்தம்.

"ரெண்டு கண்ணாடி போட்டும் உங்களுக்கு அது தெரியேல்லையோ?" என்று கேட்டாள் யோகா. கேட்டுவிட்டுத் தைலப் போத்தலைத் திறந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த நாளே கோல்ட்டுக்கு மாறினார். காலைப் படம் எடுத்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். அங்கே இன்னொரு முடிச்சு. புதிதாக உடம்புக்கு வந்த வருத்தமென்றால் இரண்டு மாதத்தில் காசு தருவார்கள். மாறுவதற்கு முன்பே இருந்த வருத்தமென்றால் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். கம்பனி, குடும்ப டொக்டரிடம் யோகாவின் கோப்பைக் கேட்டு எடுத்தது. கோப்பில் அருந்தவனுடைய சீனி வருத்தத்தைப் பற்றி மூன்று பக்கம் இருந்தது, யோகாவின் காலைப் பற்றி ஒரு சொல் இல்லை. எந்த நாள் டொக்டரிடம் போனாலும் அவள் புருசனின் வருத்தத்தைத்தான் சொல்லிவிட்டு வருவாள். கோப்பு வெறுமையாக இருந்ததால், கம்பனி அவளையே போனில் கேட்கப்போவதாக அறிவித்தது. குடும்பத்தவர் பேசக்கூடாது, தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருப்பார் என்றும் எழுதியிருந்தார்கள்.

ஒரு கிழமையாக அருந்தவன் பாடம் நடத்தினார்.

"கோல்ட் எடுக்க முன்னம் கால் எப்பிடி எண்டு கேப்பினம். ஒண்டும் இருக்கேல்லை எண்டு சொல்லும். அவ்வளவுதான்."

"மூண்டு வருசமா அழுந்தினனான். அதெப்பிடி ஒண்டும் இருக்கேல்லை எண்டு சொல்லுறது?"

"வாயாலதான்!"

"என்னால ஏலாது. சாமிப்படத்துக்கு முன்னால இருந்துகொண்டு பொய் சொல்லமாட்டன்."

"அப்ப கதிரையைக் குசினிக்குள்ள போடுவம்."

கதிரை குசினிக்குள் போனது. அங்கே யோகாவின் பிடிவாதமும் கூடவே போனது.

போன் வந்த அன்று அருந்தவன் லீவு போட்டுவிட்டு எதிரே நின்றார். கம்பனிப் பெண்ணின் இங்கிலிஷ் ஸ்பீக்கரில் கடகடவென்று ஓடியது, யோகாவுக்கு அதில் பாதியும் பிடிபடவில்லை. பிறகு மொழிபெயர்ப்பாளரின் குரல் வந்தது. மதுரைப் பக்கத்துப் பிள்ளை, தேன் மாதிரிக் குரல்.

"வணக்கம்மா. போன பங்குனிக்கு முன்னாடி, அதாவது நீங்க கோல்ட் எடுக்கறதுக்கு முன்னாடி, முழங்கால்ல வலி இருந்துச்சாம்மா?"

யோகா புருசனை ஒருதரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து இருந்தாள்.

"நோ பிள்ளை," என்றாள். "சரியான நோ."

அருந்தவன் கண்ணை மூடிக்கொண்டார். எங்கள் பக்கத்தில் நோ என்றால் வலி. தலை நோ, வயிற்று நோ, பல் நோ. சரியான நோ என்றால் உயிர் போகிற வலி. போச்சு, எல்லாம் போச்சு. இனிப் பன்னிரண்டு மாதம், இனி வேறு சமையல்காரி.

அப்போதுதான் அந்தத் தேன் குரல் கம்பனிப் பெண்ணிடம் இங்கிலிஷில் சொன்னது அவர் காதில் விழுந்தது. "இல்லை என்கிறார். சரியாகச் சொன்னால், இல்லவே இல்லை."

அருந்தவன் ஒரு கண்ணைத் திறந்தார்.

"படி ஏறும்போதும்மா?"

"ஏறினாலும் நோ, இறங்கினாலும் நோ."

"ஏறும்போதும் இல்லை, இறங்கும்போதும் இல்லை," என்றது தேன்.

"ராத்திரியில தூங்கும்போது?"

"ஐயோ, அதைக் கேக்காதை பிள்ளை. படுத்தாலும் நோதான்!"

"அதைக் கேட்கவே வேண்டாம் என்கிறார். படுத்தாலும் இல்லையாம்."

அருந்தவன் மற்றக் கண்ணையும் திறந்தார். சிவப்புச் சீட்டு ஒட்டுகிற கை, தன்னை அறியாமலே வாயைப் பொத்திக்கொண்டது. பேசக்கூடாது என்று கம்பனியே எழுதித் தந்திருக்கிறதே!

பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. அனுமதி கிடைத்தது, ஆடி பதினெட்டாம் திகதிக்குக் குறித்திருந்த ஒப்பரேசனை அப்படியே செய்யலாம் என்று பிள்ளை வாழ்த்தும் சொல்லிவிட்டு வைத்தாள். யோகா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

"பாத்தியளோ? உள்ளதைச் சொன்னனான், தந்திட்டினம். நீங்கள் என்னைப் பொய்காரி ஆக்கப் பாத்தியள். அவை நல்ல சனம் அப்பா!"

அருந்தவன் தலையை ஆட்டினார். சொன்னால் இவள் இந்த நிமிடமே திருப்பிப் போன் எடுத்துத் திருத்துவாள், அப்படிப்பட்ட பிறவி. கடையில் இருபது சதம் கூடத் தந்ததற்கு பஸ் ஏறிப் போய்த் திருப்பிக் கொடுத்தவள். அதனால் ஒரு கிளாஸ் தண்ணீரை வார்த்துக் குடிக்கத் தொடங்கினார்.

அவர் கிளாஸை வைக்க முன்னமே யோகா கிரிஜாவுக்குப் போன் அடித்துவிட்டாள். கிரிஜா சிவபாலனின் மனைவி. புருசனின் பேச்சைக் கேட்டு வெண்கலம் எடுத்தவள்தான் அவளும். இடுப்பு எலும்பு தேய்ந்துபோய், இப்போது அதே கம்பனி, அதே கோல்ட், நாளைக் காலை பத்து மணிக்கு அதே விசாரணை. கொழும்பில் பன்னிரண்டு வருடம் இங்கிலிஷ் படிப்பித்தவளுக்கு மொழிபெயர்ப்பாளர் எதற்கு?

"பிள்ளை கிரிஜா, ஒண்டுக்கும் பயப்பிடாத. கேக்கிறதுக்கு உள்ளதைச் சொல்லு..."

அருந்தவனுக்குத் தண்ணீர் புரைக்கேறியது. "யோகா! போனைப் பொத்தும், போனைப் பொத்தும்! அவவையும் அந்த மொழிபெயர்க்கிற பிள்ளையைக் கேட்டு எடுத்துத் தமிழில கதைக்கச் சொல்லும்!"

யோகா போனை நெஞ்சோடு பொத்தினாள். "ஏன்? அவவுக்கு உங்களைவிட இங்கிலிஷ் வருமே!"

இனி மறைக்க வழியில்லை. சொன்னார். தமிழ் நோவையும் இங்கிலிஷ் நோவையும் பிரித்துப் பிரித்துச் சொன்னார். யோகாவின் முகம் மெல்ல மெல்ல இறுகியது.

"அப்ப நான் சொன்னது?"

"நீர் உண்மைதான் சொன்னனீர்."

"அந்தப் பிள்ளை சொன்னது?"

"அதுவும் தனக்குக் கேட்டதைத்தான் சொன்னது."

"அப்ப ஆர் பொய் சொன்னது?"

அருந்தவன் குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்தார். போனுக்குள்ளிருந்து கிரிஜாவின் குரல் "அக்கா? அக்கா, நிக்கிறியளோ?" என்று சின்னதாகக் கேட்டது. யோகா எழும்பப் பார்த்தாள். கால் விடவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் இருந்தாள். முழங்காலில் கையை வைத்துத் தேய்த்தாள். கம்பனிக்குத்தான் போன் அடிக்கப்போகிறாள் என்று அருந்தவன் போனைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

யோகா போனைக் காதுக்கு எடுத்தாள்.

"ஓம் கிரிஜா, நிக்கிறன். நான் சொன்னது சொன்னதுதான். உள்ளதை உள்ளபடி சொல்லு, ஒண்டையும் ஒளிக்காத." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ஆனா தமிழில சொல்லு."