சம்பந்தி வாசலில் நின்ற வீடு

சுவிஸில் டாவோஸுக்கு மேலே, மலைச்சரிவில் இருந்த இராஜசிங்கத்தின் வீடு முதன்முதலாக நகர்ந்தபோது அதற்குள் இருந்தவர்கள் இராஜசிங்கம், அவர் மனைவி கஜலக்சுமி, கஜலக்சுமியின் தம்பி தயாபரன். தாங்களும் கூட இருந்ததாக இப்போது சொல்லித் திரிபவர்கள் அன்று ஸூரிச்சில் யாருடையதோ பிறந்தநாள் கேக்குக்கு வரிசையில் நின்றார்கள். வீடு ஒரு முழம் கீழே இறங்கியது. அடுப்பில் இருந்த தேத்தண்ணி சிந்தவில்லை.

நிலத்தை ஆராய ஒரு பொறியியலாளர் வந்தார். அடியில் கல்லும் மண்ணும் பனிக்கட்டியோடு உறைந்து கிடக்கின்றன, கோடை நீண்டதால் அது இளகிச் சரிவே ஊர்கிறது, வீடு நேரே ஆற்றுப் பக்கம் போகும் என்றார். படித்த மனிதர், படித்ததைச் சொன்னார். வீடு கிழக்கே திரும்பி ஸ்ரீஸ்கந்தராஜாவின் வீட்டை நோக்கிப் போனது.

ஸ்ரீஸ்கந்தராஜா இராஜசிங்கத்தின் மகள் யசோதராவைத் தன் மகனுக்கு எடுத்தவர். பேரப்பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுச் சடங்குக்கு வீடு தேடி வந்து வாயால் சொல்லவேண்டிய சம்பந்தி, பிள்ளையார் படம் போட்ட அழைப்பை வாட்ஸப்பில் அனுப்பினார். அதே அழைப்பு, அதே பிள்ளையார், அவருடைய கார் திருத்துபவருக்கும் போயிருந்தது. நேரில் வந்து சொல்லும்வரை அந்த வாசலை மிதிப்பதில்லை என்றார் இராஜசிங்கம். அவர்கள் வரவில்லை. மகளும் அவர்களை மீறி வரவில்லை. பிள்ளை நடந்தது, பேசியது. அம்மப்பாவின் முகத்தை அது கண்டதில்லை. கஜலக்சுமி தைத்த சட்டைகள் ஒவ்வொன்றாக அளவு சிறுத்துப்போயின.

வீடு ஊர்ந்த வழியெல்லாம் நிலம் மாறியது. முன்னால் கல்லும் மண்ணும் வரம்பாகக் குவிந்தன. பின்னால் புல்வெளி அகன்ற பள்ளமாயிற்று; வெளிப்பட்ட பாறையில் நீளக் கீறல்கள் விழுந்தன; தேங்கிய நீரை மாடுகள் குடித்தன. முன்பு பனியாறுகள் ஆயிரம் ஆயிரம் ஆண்டுகள் எடுத்துச் செய்த வேலையை இந்த வீடு மூன்று கோடையில் செய்தது. உல்லாசப் பயணிகள் படம் எடுத்தார்கள். அவர்கள் எதையும் எடுப்பார்கள்.

"அத்தான், வீடு எங்க போகுதெண்டு தெரியுதோ?" என்றார் தயாபரன்.

"தன்ர பாட்டில போகுது. நான் என்ன செய்ய?"

"வேற வீடு பாத்து இறங்குவமே?"

"சனம் சிரிக்கிறதுக்கோ? பேசாமல் தேத்தண்ணியைக் குடி."

ஒரு ஞாயிறு காலை வீடு ஸ்ரீஸ்கந்தராஜாவின் வீட்டோடு முட்டி நின்றது. வாசலுக்கு வாசல் நேராக இருந்தது. மற்றப் பக்கமெல்லாம் கல்வரம்பு அடைத்துக்கொண்டது. இடுப்பில் கட்டிய சாரத்தோடு கதவைத் திறந்த ஸ்ரீஸ்கந்தராஜாவுக்குக் கால் வைக்க இராஜசிங்கத்தின் விறாந்தையைத் தவிர வேறு இடம் இருக்கவில்லை. வைத்தார்.

"வாங்கோ. என்ன அலுவல்?" என்றார் இராஜசிங்கம்.

ஸ்ரீஸ்கந்தராஜா சாரத்தை இறுக்கிக் கட்டினார். "பிள்ளையின்ர பிறந்தநாள் வருது. சொல்ல வந்தனான்."

"ஓம். நேரில சொன்னால் வருவம்தானே."

அதற்குள் பிள்ளை ஸ்ரீஸ்கந்தராஜாவின் கால்களுக்கு இடையால் புகுந்து கஜலக்சுமியிடம் ஓடிவிட்டது. யசோதராவும் பின்னால் வந்தாள்.

அதன்பின் வீடு அசையவில்லை. பொறியியலாளர் கோடைதோறும் வந்து அளக்கிறார், தலையை ஆட்டுகிறார், போகிறார். இரண்டு வீட்டுக்கும் தபாற்காரர் ஒரே மணியை அடிக்கிறார்.

இராஜசிங்கம்தான் முதலில் சம்பந்தி வாசலுக்குப் போனார் என்று தூரத்து லாங்கன்தால் ஊரில் கதைக்கிறார்கள். அது பிழை. போனது நிலம். அவர் கதிரையில் உட்கார்ந்திருந்தார்.