மூலத்தில் இல்லாதது

“நிறுத்தாத. வாசி,” என்றார் பேராசிரியர்.

மகள் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். கணவன் அடித்துத் துரத்திய பிறகும், மழையென்றும் வெயிலென்றும் பாராமல் அவன் வாசலிலேயே உட்கார்ந்திருக்கும் மனைவியின் பகுதி அது. அந்தப் பழைய காவியத்தில் வேறு எத்தனையோ பகுதிகள் இருந்தாலும், மேடை மேடையாக இதைப் பேசித்தான் அவர் பேர் வாங்கினார். கேட்பவர்கள் அழுவார்கள். பல நேரம் அவரும் அழுவார். மருத்துவர் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு அவர் ஆசைப்பட்டுக் கேட்டதும் இது ஒன்றைத்தான்.

வாசிக்க வாசிக்க மகளுக்கு நாக்கு கசந்தது. கல்யாணமான மறு வருஷமே உதடு கிழிந்து, கையில் ஒரு பையோடு அவள் இந்த வீட்டுக்கு வந்து நின்றாள். அப்பா வகுப்பில் பாடம் நடத்துகிற குரலிலேயே சொன்னார்: “காவியத்துல அவ வாயத் திறந்தாளா பாரு. அந்த மௌனம் இருக்கே, அது தவம்மா. கடைசில கதவு தானா திறந்துச்சுல்ல?” மறுநாள் காலையில் அவரே கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார். அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மகளுக்கு ஒரு பக்கக் காது கேட்காமல் போன பிறகுதான் அந்தக் கல்யாணம் முறிந்தது.

“இதான்... இதான் அவ ஜெயிச்ச இடம்,” பேராசிரியர் விரலைத் தூக்கினார். மூச்சு வாங்கியது. “என்ன ஒரு காத்திருப்பு!”

கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அவருடைய வீங்கிய பாதத்தை நீவிக்கொண்டிருந்த அம்மா, கையை நிறுத்தாமல் சொன்னாள்:

“அவ ஒண்ணும் காத்திருக்கலைங்க. போறதுக்கு இடம் இல்ல.”

மகள் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள். அம்மாவும் இதே காவியத்தை அவரோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து படித்தவள்தான். ஆனால் அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசி மகள் கேட்டதில்லை.

“என்ன சொன்ன?” என்றார் அவர்.

“அவளப் பெத்தவங்க வீட்டுக் கதவும் சாத்தித்தான் இருந்துச்சு. அதான் அங்கயே உக்காந்தா.”

பேராசிரியரின் நெற்றி சுருங்கியது. மாணவனின் விடைத்தாளில் பிழையைச் சுழிக்கும்போது வருகிற முகம். வெகுநேரம் மூச்சைத் திரட்டினார்.

“மூலத்துல... அப்படி இல்ல.”

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு பேசவில்லை. மதியத்துக்குள் மூச்சு அடங்கிவிட்டது.

சேதி பரவி வீடு கொள்ளாமல் மாணவர்கள் வந்தார்கள். இப்போது ஒரு கல்லூரிக்கு முதல்வராக இருக்கும் பழைய மாணவர், அம்மாவின் எதிரில் தரையில் சரிந்து உட்கார்ந்து விசும்பினார்.

“கடைசியா சார் என்னம்மா பேசினார்?”

“அந்தக் காவியத்தப் பத்தித்தான்,” என்றாள் அம்மா.

“எனக்குத் தெரியும்மா! அந்தப் பொண்ணோட மனச சார் மாதிரி புரிஞ்சுக்கிட்டவங்க யாரு இருக்கா, சொல்லுங்க?”

மகள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா மெல்லத் தலையசைத்தாள், ஆமாம் என்பதுபோல.

மறுநாள், எல்லாம் முடிந்து வந்தவர்கள் கிளம்பியதும், அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். தரையெங்கும் கால்தடம். மகள் சோபாவில் உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா.”

“ம்.”

“நேத்து அவர்கிட்ட சொன்னியே. அத நான் வந்து நின்ன அன்னிக்குச் சொல்லியிருக்கலாம்ல?”

துணி நின்றது. அம்மா அதை வாளியில் முக்கிப் பிழிந்தாள். சொட்டுத் தண்ணீர் இல்லாமல் போன பிறகும் பிழிந்துகொண்டே இருந்தாள். பிறகு மண்டியிட்டபடியே துடைத்துக்கொண்டு சோபா வரை வந்தாள்.

“காலத் தூக்கு,” என்றாள்.

மகள் இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டாள். ஈரம் காயும்வரை கீழே வைக்கவில்லை.