துண்டறிக்கையில் அடங்காத அன்புக்கரசி

1

இது கதையாக ஆரம்பிக்கவில்லை, இரண்டு பக்கத் துண்டறிக்கையாக ஆரம்பித்தது. வடலூரில் தேவயானி என்றொருவர், படுக்கையில் இருப்பவர்களின் வீடுகளுக்குத் தொண்டர்களை அனுப்பும் சிறு குழு ஒன்றை நடத்துகிறார். போன மாதம் என்னைக் கூப்பிட்டார். "வூட்டுல நோயாளியப் பாத்துக்கிறவங்களுக்கு எங்கெங்க உதவி கிடைக்கும்னு எளிமையா எழுதிக் குடுங்க. கத கித வாணாம்" என்றார். சரி என்றேன். கதை வேண்டாம் என்பவர்களிடம் நான் எப்போதும் சரி என்றுதான் சொல்வேன்.

முதல் வரி இப்படி வந்தது: 'குடும்பத்தில் ஒருவர் நீண்ட நாள் படுக்கையில் விழுந்துவிட்டால், அவரைக் கவனித்துக்கொள்பவர் தன் உடல்நலத்தையும்

அங்கேயே நின்றுவிட்டது. 'கவனித்துக்கொள்பவர்' என்ற ஆளுக்கு முகமே இல்லை. முகமில்லாத ஆளிடம் போன் நம்பரை எப்படி நீட்டுவது? வேலை முடியும்வரை ஒரு முகத்தை வைத்துக்கொள்ளலாம், பிறகு அழித்துவிடலாம் என்று நினைத்தேன். அப்படி வந்து உட்கார்ந்தவள்தான் அன்புக்கரசி. இன்னும் எழுந்து போகவில்லை.

(பெயரைப் பற்றி இப்போதே பேசி முடித்துவிடுவோம். படுத்த கணவனைப் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்கு அன்புக்கரசி என்றா பெயர் வைப்பது என்று நீங்கள் முனகுவது கேட்கிறது. நான் வைக்கவில்லை. காடாம்புலியூரில் அவள் அப்பா வைத்தது. மேடைப் பேச்சில் மயங்கி வைத்த பெயர். அவருக்கு என் கதையைப் பற்றித் தெரியாது.)

2

தொடக்கம் ஒன்று: 'நெய்வேலியில் அதிகாலை ஷிப்ட்டுக்கான சங்கு ஊதியபோது அன்புக்கரசி ஏற்கெனவே' – வேண்டாம். நெய்வேலி என்றாலே எழுதுகிறவர்கள் சங்கை ஊதிவிடுகிறோம்.

தொடக்கம் இரண்டு: 'மண்ணுக்கடியில் உறங்கும் பழுப்பு நிலக்கரியைப் போல அவளுடைய துயரமும்' – இதை எழுதிய கையை நானே தட்டிவிட்டேன்.

தொடக்கம் மூன்று, சுற்றி வளைக்காமல். டவுன்ஷிப் ஆர்ச்சுக்கு வெளியே, வடக்குத்துப் பக்கம் ஷீட் போட்ட வாடகை வீடு. நல்லசாமி சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் பாதிப் பேச்சும் போய் நான்கு வருடமாகிறது. அவர் மனைவி அன்புக்கரசி மெயின் பஜாரில் ஒரு தையல் கடையில் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தவள். அவள் கழுத்து வெட்டிய பிளவுஸ் தோளில் நழுவாது என்று ஆசிரியைகள் தேடி வருவார்கள். கடையை விட்டுவிட்டாள். அன்றிலிருந்து அவரைத் தூக்கி உட்காரவைப்பதும், குளிப்பாட்டுவதும், ஊட்டுவதும், புரட்டிப் படுக்கவைப்பதும்தான் அவளுக்கு வேலை.

தூக்கித் தூக்கி, அவள் தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு வீக்கம் புறப்பட்டது. குடலிறக்கம் என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் குடல் சிக்கிக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து, இனி எதையும் தூக்கக் கூடாது என்றார். "இவரு கொஞ்சம் தேறட்டும் டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்தவள், பழைய புடவைத் துண்டால் வயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு அன்று சாயங்காலமே அவரைத் தூக்கினாள். திருப்பூரில் கைக்குழந்தையோடு இருக்கும் மகளிடம் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

ஆகவே, வாசகரே, இவள் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். இவள் போனால் அவரைப் பார்க்க ஆளில்லை. அவ்வளவுதான் கதை.

3

எனக்கு இது சுலபமாகத்தான் தெரிந்தது. என்னிடம்தான் உதவிகளின் பட்டியல் இருக்கிறதே! வீடு தேடி வந்து பிரஷர் பார்க்கிற, மருந்து கொடுக்கிற, கை கால்களுக்குப் பயிற்சி சொல்லித்தருகிற அரசாங்க ஏற்பாடு இருக்கிறது. எவாஞ்சலின் என்ற சுகாதாரப் பணியாளரை, தோளில் பையோடு, அன்புக்கரசியின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"அக்கா, வூட்டுல படுக்கையா யாராச்சும் இருக்காங்களா?"

"இருக்காருங்க. ஆனா நாங்க கான்ட்ராக்ட்டுங்க."

"அதனால என்னக்கா?"

"இதெல்லாம் பர்மனன்ட்டுக்குத்தானே வரும்? அவங்க குவாட்டர்ஸ் உள்ளார இருக்கு சிஸ்டர். ஆர்ச்சுல பூந்து நேராப் போங்க."

வெயிலில் வந்த பெண்ணுக்கு ஒரு சொம்புத் தண்ணீரும் கொடுத்து, வழியும் காட்டி, கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். இந்தத் தப்பை இந்த ஊர்க்காரர்களால்தான் செய்ய முடியும். இங்கே உலகமே இரண்டாகத்தான் பிரிந்திருக்கிறது. மாப்பிள்ளை பார்க்கப் போனால் முதல் கேள்வி பர்மனன்ட்டா, கான்ட்ராக்ட்டா என்பதுதான். தவணைக்குப் பிரிட்ஜ் கொடுக்கிற கடைக்காரரும் அதையே கேட்பார். கேட்டுக் கேட்டுப் பழகியவள், கேட்காத இடத்திலும் தானே பதில் சொல்லி ஒதுங்கிக்கொள்கிறாள். உனக்குக் கிடையாது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளே சொல்லிக்கொண்டாள்.

தேவயானியிடமிருந்து போன். "எழுதிட்டீங்களா?"

"அவங்க கதவ மூடிட்டாங்க" என்றேன்.

"யாரு?"

சொன்னேன்.

"துண்டறிக்கையில எதுக்குங்க கதவு?" என்று சிடுசிடுத்தார். பிறகு குரல் தணிந்து, "மொத வாட்டி யாருமே தெறக்க மாட்டாங்க. இன்னொரு வாட்டி அனுப்புங்க" என்றார்.

4

இன்னொரு முறை அனுப்பினேன். எவாஞ்சலின் இந்தத் தடவை வாசலில் நிற்காமல் செருப்பைக் கழற்றினாள். "இது கம்பெனியில இருந்து வர்றது இல்லக்கா, அரசாங்கம். படுக்கையில இருந்தாப் போதும், வேற எதுவும் கேக்க மாட்டோம்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்துவிட்டாள். நல்லசாமியின் பிரஷரைப் பார்த்தாள். முதுகைப் புரட்டிப் பார்த்து, "ஒரு புண்ணு கூட இல்ல. எப்பிடிக்கா?" என்று வியந்தாள். பிறகு அன்புக்கரசியைப் பார்த்துக் கேட்டாள்.

"நீங்க எப்பிடி இருக்கீங்க?"

"காலையில கொஞ்சம் இருமுனாருங்க. இப்ப பரவால்ல."

"அண்ணனக் கேக்கல. ஒங்களக் கேட்டேன்."

இங்கே 'அன்புக்கரசியின் கண்கள் குளமாயின' என்று எழுதினேன். பொய். அவளுக்குக் கோபம்தான் வந்தது. தன்னைப் பற்றிக் கேட்டால் எந்தப் பக்கம் பார்த்துப் பதில் சொல்வதென்று தெரியாத கோபம். "எனக்கென்ன கேடு? கல்லு மாரி இருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குடத்தை நகர்த்தக் குனிந்தவள், அப்படியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இதை நான் எழுதத் திட்டமிடவில்லை. வலிக்கு என் திட்டம் தெரியாது.*

* துண்டறிக்கைக்காகக் குறித்தது: பார்த்துக்கொள்பவரைத் தனியாக விசாரிக்கவும். முதல் பதிலை நம்ப வேண்டாம்.

அன்புக்கரசி, டாக்டர் சொன்னது உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். எவாஞ்சலின் தன்னால் முடிந்ததைச் சொன்னாள். பயிற்சி கொடுப்பவர் வீட்டுக்கே வருவார். தேவயானியின் தொண்டர்கள் பகலில் கொஞ்ச நேரம் வந்து கூட இருப்பார்கள். சரி, ஆபரேஷனுக்குப் படுக்கிற நாட்களில்? அதன் பிறகு எதையும் தூக்கக் கூடாத வாரங்களில்?

அந்த இடத்தில் என் பட்டியல் காலி. நோயாளிக்கு என்று எழுத நிறைய இருந்தது. அவரைத் தூக்குகிறவளுக்கு என்று வந்தபோது பேனா தயங்கியது. தேவயானியைக் கேட்டேன். "அதத்தாங்க நாங்களும் தேடிக்கினு இருக்கோம்" என்றார்.

5

[நீக்கியவை: திருப்பூர் மகள் கனவு கண்டு ஓடிவருவது. வழியில் போன பணக்காரர் ஒருவர் மனம் உருகுவது. நல்லசாமி ஒரு காலையில் தானே எழுந்து நிற்பது. கடைசியை எழுதியபோது எனக்கே வெட்கமாகிவிட்டது.]

சில நாள் எழுதாமல் இருந்தேன். பிறகு எவாஞ்சலினையே கேட்கவிட்டேன்.

"அக்கா, அண்ணன் வேலையில இருந்தப்ப ஷிப்ட்டு முடிஞ்சா அப்பிடியே கெளம்பிடுவாங்களா?"

"அதெப்பிடி? ரிலீவர் வந்தாத்தான் வரலாம். வரலேன்னா அடுத்த ஷிப்ட்டும் இவருதான் பாக்கணும். பெல்ட்ட அப்பிடியே வுட்டுட்டு வர முடியுமா?"

"ஒங்க ரிலீவர் யாருக்கா?"

கட்டிலிலிருந்துதான் பதில் வந்தது.

"அலெ... அலெக்சு."

அலெக்சாண்டர், நல்லசாமியோடு ஒரே பெல்ட்டில் நின்றவன். அவரைவிட இளையவன், இன்னும் அதே கான்ட்ராக்ட்டில் இருப்பவன். ஆரம்பத்தில் அவனும் மற்ற நண்பர்களும் ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக வந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் நல்லசாமி குழந்தை மாதிரி அழுதார். பக்கவாதம் வந்தவர்களுக்கு அழுகை சீக்கிரம் வரும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டாவது தடவை அவர்கள் வந்தபோது வாசலிலேயே நிறுத்தி, "வராதீங்க தம்பி, அவரு தாங்க மாட்டாரு" என்று அனுப்பிவிட்டாள். அவர்களும் மரியாதையாக வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

"அவங்கள்லாம் வாணாம் சிஸ்டர். பாத்தாலே இவரு அழுவுறாரு."

நல்லசாமி இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினார். முகம் கோணி, கழுத்து நரம்பு புடைக்க, ஒவ்வொரு சொல்லாக வெளியே தள்ளினார்.

"அழுவுறேன்... நா... அழுவுறேன். வர... வரச் சொல்லு."

இந்த வாக்கியத்தை நான் யோசித்து எழுதவில்லை. மனிதர் அழ ஆசைப்பட்டிருக்கிறார். நாமெல்லாம் சேர்ந்து அவரை அதிலிருந்து காப்பாற்றியிருக்கிறோம்.

6

சொல்லி அனுப்பிய அன்றே அலெக்சாண்டர் முதல் ஷிப்ட் முடிந்து நேராக வந்தான். வந்தவன் உட்காரவில்லை. அவனும் நல்லசாமியும் கொஞ்ச நேரம் அழுதார்கள். மூக்கைத் துடைத்துக்கொண்டு கட்டிலின் தலைமாட்டில் நின்று, "ம், சார்ஜ் குடுங்க அண்ணி" என்றான்.

"என்னத்தக் குடுக்க?"

"எது ஓடுது, எது நிக்குது, எங்க சத்தம் வருதுன்னு சொன்னாத்தானே நா எடுத்துக்க முடியும்? எடுத்துக்கினேன்னு நா வாய் தெறந்து சொல்ற வரிக்கும் நீங்க போவக் கூடாது. அதான் ரூல்."

அன்புக்கரசி தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். தண்ணீரைக் கரண்டியால் இடது கடைவாயில் ஊற்ற வேண்டும். வலது கையை இழுத்துத் தூக்கக் கூடாது. பசித்தால் சொல்ல மாட்டார், கால் விரலை ஆட்டுவார். சொல்லச் சொல்ல, தனக்கு இவ்வளவு தெரியுமா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. அவன் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னான். துணி மாற்றுகிற கட்டம் வந்ததும் அவள் குரல் இறங்கிவிட்டது.

"அதெல்லாம் ஆம்பளைங்க எப்பிடி தம்பி..."

"பெல்ட்டுக்கு அடியில பூந்து சேறு அள்ளுற கை அண்ணி இது. அண்ணன் எனக்கு மூஞ்சி கழுவி வுட்டிருக்காரு. வுடுங்க."

நண்பர்கள் ஒன்றுசேர்ந்தார்கள். முதல் ஷிப்ட்காரர் சாயங்காலம், நைட் ஷிப்ட்காரர் தூங்கி எழுந்து மதியம், ராத்திரிக்கு ஒருவர் மாற்றி ஒருவர் அங்கேயே படுக்கை என்று அவர்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். விரிப்போடு சேர்த்து இரண்டு பேர் எப்படித் தூக்குவது என்று எவாஞ்சலின் காட்டிக்கொடுத்தாள். விடுபட்ட பகல்களைத் தேவயானி தன் தொண்டர்களை வைத்து அடைத்தார். போன் போட்ட உடனே மகள், "ஏம்மா இத்தினி நாளாச் சொல்லல?" என்று கத்திவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கே வந்துவிடுவதாகச் சொன்னாள்.

எல்லாம் கூடி வந்த பிறகு அன்புக்கரசி அடுப்படியில் தனியாக நின்றாள். சந்தோஷப்படுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். "அவங்களே பாத்துக்கினா, நா எதுக்கு?" என்று கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. என்னிடமாகத்தான் இருக்க வேண்டும். பாத்திரம் வாங்க உள்ளே வந்த அலெக்சாண்டர்தான் சொன்னான்: "ரிலீவர் வந்தா வேல போயிடுமா அண்ணி? போயித் தூங்கிட்டு வரத்தான்."

7

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன். ஆபரேஷன் நல்லபடி முடிந்து, அவள் மறுபடி தையல் கடையில் உட்கார்கிறாள் என்பது ஒன்று. தேவயானிக்கு அது பிடித்திருந்தது. வார்டிலிருந்து பாதியில் ஓடிவந்துவிடுகிறாள் என்பது இரண்டு. அதற்கு அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாவது, ஒன்றுமே சொல்லாமல் நிறுத்துவது. அது அன்புக்கரசிக்குச் செய்கிற துரோகம் என்று பட்டது. துண்டறிக்கையை எழுதி அனுப்பிவிட்டேன். போன் நம்பர்களெல்லாம் இருக்கின்றன. காலியாக இருந்த இடத்தில், 'நீங்கள் வர வேண்டாமென்று சொன்னவர்களைத் திரும்பக் கூப்பிடுங்கள்' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

ஆனால் கதை முடியவில்லை. இன்று காலைதான் அவள் அட்மிட் ஆக வேண்டும். அலெக்சாண்டர் முதல் ஷிப்ட்டில் இருக்கிறான். வடலூரிலிருந்து வர வேண்டிய தொண்டரின் பஸ் இன்னும் வந்து சேரவில்லை. ஷிப்ட் மாறுகிற நேரத்தில் எப்போதும் விழுகிற சின்ன இடைவெளிதான். அதற்குள் அவள், "அப்ப நாளைக்குப் போய்க்கலாம்" என்று பையைக் கீழே வைத்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

அதனால் உங்களை உள்ளே கூப்பிடுகிறேன். செருப்பை அப்படி ஓரமாக விடுங்கள். நல்லசாமி இடப்பக்கம் சாய்ந்து படுத்திருக்கிறார். இட்லி சாப்பிட்டாயிற்று. அவருக்குப் பேச்சு வரத் தாமதமாகும். நீங்களாக வார்த்தையை எடுத்துக் கொடுக்காதீர்கள், அவரே தேடிச் சொல்லட்டும். புது முகத்தைப் பார்த்தால் அழலாம், அழட்டும். பயப்படாமல் பக்கத்தில் உட்காருங்கள்.

ஆட்டோ வாசலில் உறுமிக்கொண்டிருக்கிறது. அன்புக்கரசி ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, வீட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நான் சொன்னால் செல்லாது. கதை எழுதுகிறவர்கள் பேச்சை அவள் நம்புவதில்லை. எடுத்துக்கொண்டேன் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள், அவள் காதில் விழட்டும்.