தரை ஆறட்டும்

"வெயிலு போயிருச்சுன்னு நம்பாதே, எழிலு. பகல்ல வாங்குன சூட்டத் தரை சாயங்காலந்தான் திருப்பிக் கொடுக்கும், ஒன் கோவம் மாதிரி."

"அம்புட்டும் தெரிஞ்சவுக ஏன் இப்பவே அள்ளப் போறீக?"

"லோடு நிக்குதுல்ல."

போன சீசனில் மாரிக்கண்ணன் தன் மனைவி எழிலிடம் சிரித்துக்கொண்டே சொன்னது அது. அன்று பட்டாசு ஆலையில், சூடு ஆறாத தரையில் காயவைத்த வெடிகளை அள்ளும்போது அவை வெடித்ததில் அவன் இறந்துபோனான். போகவேண்டாமென்று அவள் சொல்லவேயில்லை.

இன்றும் வெயில் தாழ்ந்ததும், "சாத்தூர் லாரி வந்துருச்சு, அள்ளுங்க" என்றார் போர்மேன். அவளோடு வேலை பார்க்கும் பெண்கள் எழுந்தார்கள். எழில் வெடிகள் காயும் சிமெண்டுத் தரையில் உள்ளங்கையை வைத்தாள். காய்ச்சல்கார உடம்பைப் போலச் சுட்டது. அவர்கள் முன்னால் போய் நின்றாள்.

"போகாதீக," என்றாள். "தரை ஆறட்டும்."