மடியில் தண்ணீர்க் கேன்

கார் ரேடியேட்டர் குழாயின் கடைசிக் கிளிப்பை மகள் இறுக்கிக்கொண்டிருந்தபோது ஜன்னலுக்கு உள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"எங்கயாச்சும் ஒழுகுதான்னு கேக்குறாரு."

"இன்னும் தண்ணியே ஊத்தலம்மா. கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க."

அப்பாவின் குரல் இப்போதெல்லாம் அம்மாவின் காதைத் தாண்டி வருவதில்லை. அதிகாரம் மட்டும் குறையவில்லை. கார் கொட்டகையை ஒட்டிய அறையில் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போடச் சொன்னதே அவர்தான்.

காருக்கும் கிட்டத்தட்ட அவர் வயது. பழைய பித்தளை ரேடியேட்டரை எத்தனை முறை பற்றவைத்தாலும் மேட்டுச் சாலையின் மூன்றாவது வளைவில் கொதித்துவிடும். அப்பா இறங்கி, அங்கிருக்கும் கல்லில் உட்கார்ந்து அது ஆறும்வரை காத்திருப்பார். அம்மா மடியிலிருக்கும் தண்ணீர்க் கேனை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நிற்பாள். கேன் பிடிக்கத்தான் அவளுக்கு முன்சீட்டு என்று வீட்டில் கேலி பேசுவார்கள். ரேடியேட்டரை அலுமினியத்துக்கு மாற்றலாம் என்றால், "அலுமினியம் சட்டிக்கு ஆகும், என் வண்டிக்கு ஆகாது" என்று ஒரே போடாகப் போடுவார். டாக்டர் கையை விரித்த அன்றுதான் இறங்கிவந்தார்.

"மாத்திடும்மா. சுடுகாடு மேட்டு மேலதான இருக்கு. என் பின்னாடி வர்றப்ப நடுவழியில நின்னு மானத்த வாங்கக் கூடாது."

புதியது பழையதைவிடத் தடிமன். ஃபேன் இறக்கை அதில் உரசியது. கழற்றி, தாங்கியை முன்னே தள்ளி மறுபடி முடுக்க வேண்டியிருந்தது. அதற்குள் அவர் போய்விடக் கூடாதே என்று மகள் ஸ்பானரை வேகவேகமாகத் திருப்பினாள்.

தண்ணீர் ஊற்றி, மூடியைத் திறந்தே வைத்து எஞ்சினை ஓடவிட்டாள். குமிழ் குமிழாகக் காற்று வந்து அடங்கியது. மூடியைப் போட்டாள். சூடு காட்டும் முள் பாதிவரை ஏறி, அப்படியே நின்றது.

"அம்மா, முள்ளு பாதிக்கு மேல ஏறலன்னு சொல்லுங்க!"

எஞ்சின் சத்தத்துக்கு மேல் மகள் குரலை உயர்த்தினாள்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்." அம்மாவே தொடர்ந்தாள், "வண்டிய அணைச்சிடாத. ஓடட்டும்."

கையைக்கூடத் துடைக்காமல் மகள் உள்ளே ஓடினாள். அப்பாவின் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. அம்மா அவர் கையைப் பிடித்திருந்தாள். அவர் காதில் விழுந்ததா என்று கேட்க மகளுக்கு வாய் வரவில்லை. அழுகைதான் வந்தது.

மறுநாள் அவரை ஏற்றிய வண்டி முன்னே போக, மகள் பின்னால் காரை ஓட்டினாள். முன்சீட்டில் அம்மா, மடியில் கேன்.

மூன்றாவது வளைவில் கல் தெரிந்ததும் மகளின் கால் தானாக பிரேக்குக்குப் போனது. முள் பாதியில்தான் இருந்தது.

"நிறுத்தாதம்மா," என்றாள் அம்மா. "மானம் போயிடும்."

கார் நிற்காமல் ஏறியது. அம்மா திரும்பி, அந்தக் கல் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். கேனின் மூடி சரியாக இறுகவில்லை போலிருக்கிறது, தண்ணீர் தளும்பி அவள் புடவை நனைந்துகொண்டே வந்தது. அவள் கேனைக் கீழே வைக்கவில்லை.