ரெனி பென்சிலால் எழுதியிருக்கலாம்

1

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. தம்பானூரில் டீ குடிக்கும்போது, கண்நோய் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் சிநேகிதி ஒருத்தி, "ஸ்பிரிட்டு பட்டதும் ஸ்லைடுல பேனா எழுத்தெல்லாம் மாய்ஞ்சு போச்சு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஆகா, கதை சிக்கியது என்று ஓடிவந்து எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: 'இருள் மெல்லக் கவிந்த அந்த...' சீ, வேண்டாம். கண் என்றதும் இருட்டைக் கூப்பிடுகிற பழக்கம் என்னைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

இரண்டாவது: ஆய்வகத்தில் ரெனி, விழித்திரை நோயுள்ள ஓர் எலியின் ஒரு கண்ணில் மருந்தும் மறுகண்ணில் வெறும் உப்புநீரும் செலுத்தினாள்.

(கொஞ்சம் பாடம், பொறுத்துக்கொள்ளுங்கள். விழித்திரையில் மங்கல் வெளிச்சத்துக்கும் ஓரப்பார்வைக்கும் குச்சி செல்கள். நிறத்துக்கும் நடுப்பார்வைக்கும் கூம்பு செல்கள். இந்த நோயில் மரபணுக் கோளாறு குச்சிகளுக்குத்தான். அவை செத்தால், ஒரு தப்பும் செய்யாத கூம்புகளும் பின்னாலேயே சாகின்றன. இது என்ன நியாயம்! கூம்புகளைக் காப்பாற்றத்தான் ரெனியின் மருந்து. ஓர் எலி போதாது, எனக்கும் தெரியும். கதைக்குள் ஒன்றுதான் அடங்கியது.)

பிறகு இரண்டு கண்ணிலிருந்தும் மெல்லிய சீவல் வெட்டி, கண்ணாடி ஸ்லைடு செய்தாள். ஒன்றில் ஓணக்காலச் சந்தைபோலச் சாயமேறிய பச்சைக் கூம்புகள். மற்றதில் ஹர்த்தால், கடையடைத்த தெருபோல வெறிச்சென்று. எது எந்தக் கண்? ஸ்லைடின்மேல் பேனாவால் எழுதிய பெயர், ஸ்பிரிட்டால் துடைத்தபோதே போய்விட்டது.

3

லிஜோ ரெனியின் அண்ணன். அவனுக்கும் இதே நோய். ஓரப்பார்வை போய்விட்டது, நடுவில் ஒரு வட்டம்தான் மிச்சம்.

"எடீ, கூட்டமா இருக்கதுதான் மருந்து. எழுதிப்போடு. இதுல என்ன ஆலோசிக்க இருக்கு?"

"அப்படி எழுதினா மருந்தா வேலை செய்யும்? எனக்க ஆசைதான் வேலை செய்யும், அண்ணே."

நானும் லிஜோ கட்சிதான். 'ரெனி பென்சிலை எடுத்து "மருந்து" என்று எழு...' அவள் எழுதவில்லை. என் வாக்கியம் பாதியில் நிற்கிறது, பாருங்கள்.

4

அதே இரண்டு கண்களிலும் வெட்டியதுபோக மீதி, உறையவைத்துப் பெயரோடு பத்திரமாக இருந்தது. ரெனி மறுபடி வெட்டிச் சாயமேற்றினாள். இம்முறை பெயர் எழுத, ஸ்பிரிட்டுக்கு அழியாத பென்சில். பெயர்மேல் காகிதம் ஒட்டி ஸ்லைடுகளைக் குலுக்கினாள். தன் கண்ணை நம்ப அவளுக்குப் பயம். ஆய்வகத்தில் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்ததால் (எனக்கு வசதி) லிஜோவை அழைத்தாள்.

மைக்ரோஸ்கோப் இருட்டறையில். லிஜோ நேரே போய் ஸ்டூலில் முழங்காலை மோதிக்கொண்டான்.

"அய்யோ, எனக்க முட்டு!"

கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அவன் குனிந்து பார்த்தான்.

"எடீ! சுத்திக் கறுப்பு, நடுவுல ஒரு வட்டம். நான் எப்பவும் பாக்கது இதுதானே! உனக்கும் இதுல இவ்வளவுதான் தெரியுமா?"

"எல்லாருக்கும் அவ்வளவுதான்."

"அப்போ இங்க நாமெல்லாம் ஒண்ணு, கேட்டியா!" என்று அவன் சிரித்த சிரிப்பில் ஸ்டூல் ஆடியது. ரெனிக்கும் சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது.

5

ஒரு ஸ்லைடில் ஹர்த்தால் என்றான் லிஜோ. மற்றதில் கண்ணை எடுக்கவே இல்லை.

"காகிதத்தைப் பிரிக்கட்டா?" ரெனி காகித ஓரத்தில் நகத்தை நுழைத்தாள்.

"பொறு. உப்புத்தண்ணியா இருந்தாலும், இத்தனைபேரு உயிரோட இருக்கானுவளே. நான் கொஞ்சம் பாத்துக்கிடுதேன்."

முடிவு இரண்டு வைத்திருந்தேன். நான் பிரித்தால் 'மருந்து' என்றுதான் படிப்பேன், உப்புநீர் என்றிருந்தாலும். அதனால் நீங்கள் பிரியுங்கள். ரெனி எழுதியிருப்பதை அப்படியே, சத்தமாகப் படியுங்கள். லிஜோ இன்னும் தலையை நிமிர்த்தவில்லை, காதால் கேட்டுக்கொள்வான்.